நாக்கு கடைசியில்தான் வரும்

எங்கள் தெருவில் இரவு ஏழரை மணிக்கு ஓர் ஊர்வலம் கிளம்பும். முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் மூன்று வயதுப் பெண். பின்னால் பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு அவள் அம்மா. அவருக்கும் பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா. போனில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். "அங்க பாரு, நாய்க்குட்டி... ஆ காட்டு" என்றதும் ஒரு வாய் உள்ளே போகும். அடுத்த வாய்க்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை நடக்க வேண்டும். கிண்ணம் காலியாக நாற்பது நிமிடம் ஆகும். இதைக் கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. என் மகனுக்கு அதே பிள்ளையாரைக் காட்டித்தான் நானும் ஊட்டினேன். அவன் பிள்ளையாரைப் பார்த்தானே தவிர, என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிள்ளை ஏன் இப்படி வாயை இறுக்கிக்கொள்கிறது? பட்டுப்புழுவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மல்பெரி இலை இருந்தால் தின்னும், இல்லாவிட்டால் பட்டினி. மனிதர்கள் கிழங்கு, கீரை, மீன், காளான் என்று எதையும் தின்று பிழைக்கும் இனம். அதனாலேயே ஒவ்வொரு புதுப் பொருளும் உணவாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். இந்தச் சங்கடத்துக்கு அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1976இல் ‘அனைத்துண்ணியின் இக்கட்டு’ என்று பெயர் வைத்தார். கைக்குழந்தை கொடுத்ததையெல்லாம் விழுங்கும். ஏறத்தாழ இரண்டு வயதில் கதவு சாத்திக்கொள்கிறது. அந்த வயதில்தான் பிள்ளை தானாக நடந்து, அம்மாவின் கண்ணுக்கு எட்டாத மூலைக்குப் போகத் தொடங்குகிறது. கண்டதையும் வாயில் போடாத பிள்ளைகள் பிழைத்திருக்கும். அந்தக் குணமே நமக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கசப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. கசப்பை உணர்வதற்கென்றே நம்மிடம் ஏறத்தாழ 25 மரபணுக்கள் உண்டு. சில மரபணு வகைகளில் தாயையும் பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெரியவர்கள் கண்டுகொள்ளாத மெல்லிய கசப்பைக்கூடப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். ஆக, பாகற்காயைத் துப்பும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் நாக்கில் அது நம் நாக்கில் இருப்பதைவிடக் கசப்பாக இருக்கலாம்.

பிள்ளை சாப்பிடாவிட்டால் வீட்டில் பழி சமைத்தவர் தலையில் விழும். "என்னத்தைச் செஞ்சு போட்டே?" என்பார்கள். 2007இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பழியைக் கொஞ்சம் இறக்கிவைக்கிறது. 8 முதல் 11 வயதுள்ள 5,390 இரட்டையர் ஜோடிகளிடம் தகவல் திரட்டினார்கள். புது உணவைக் கண்டு முகம் சுளிப்பதில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபுவழி வந்தது என்று கணக்கு சொன்னது. இந்த எண்ணை மாமியார்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

மரபுவழி வந்தது என்பதால் மாற்ற முடியாது என்று ஆகிவிடாது. பிள்ளைகளின் உணவு விருப்பத்தை ஆராயும் துறையில் முக்கியமான பெயர் லீன் பர்ச். 1982இல் அவரும் சக ஆய்வாளரும் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத பாலாடைக்கட்டி வகைகளையும் பழங்களையும் கொடுத்தார்கள். ஒன்றை 2 முறை, இன்னொன்றை 5 முறை, மற்றொன்றை 20 முறை என்று வெவ்வேறு எண்ணிக்கையில் சுவைக்கவிட்டார்கள். எதை அதிக முறை சுவைத்தார்களோ, அதையே குழந்தைகள் பிறகு விரும்பி எடுத்தார்கள். நாம் பீட்ரூட்டை எத்தனை முறை வைக்கிறோம்? மூன்றாவது முறை தட்டிலேயே மிஞ்சினால், "அவனுக்கு பீட்ரூட் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன்பிறகு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் பிள்ளையின் முன்னாலேயே அதைச் சொல்லவும் செய்கிறோம். பிள்ளையும் அதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

நமக்குத் தெரிந்த மற்ற இரண்டு வழிகளையும் பர்ச்சின் குழுவினர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, வற்புறுத்தல். மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் வைத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் "சூப்பை முடித்துவிடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, வற்புறுத்தாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றித்தான் குறை அதிகம் சொன்னார்கள். மற்றொன்று, லஞ்சம். 1984இல், மோருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லத்தக்க கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிப் பார்த்தார்கள். குடித்தார்கள், ஆனால் அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. "கீரை சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்று நாம் சொல்லும்போது பிள்ளை அதிலிருந்து சரியான முடிவுக்குத்தான் வருகிறது: கூலி கொடுத்தால் மட்டுமே தின்னத்தக்க பொருள் கீரை.

அடிக்கடி கண்ணில் பட வேண்டும், கட்டாயம் கூடாது, கூலியும் கூடாது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் தானாக அமைவது எங்கே என்று யோசித்தால் சமையல்கட்டுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு இது புத்தகத்தைப் படித்துத் தெரியவில்லை. திருச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கோடை விடுமுறையில் தெரிந்தது.

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. பச்சையாக எது தட்டில் விழுந்தாலும் விரல் நுனியால் ஒதுக்குவான். சாம்பாரில் கிடக்கும் கொத்தமல்லித் தழையைக்கூட ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைப்பான். அன்று அம்மா முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறு வேலை இல்லை, மின்சாரம் போயிருந்தது.

"அம்மாச்சி, இத என்ன பண்றீங்க?"

"உருவுறேன். நீயும் உருவுறியா? காம்பு விழக்கூடாது. விழுந்தா உங்க மாமா தொண்டைல குத்தும்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மாமாவின் தொண்டை இப்போது அவன் பொறுப்பில் இருந்தது. ஈர்க்கின் அடியை இடது கையில் பிடித்து, வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நுனிப்பக்கம் இழுத்தான். இலையோடு சின்னக் காம்புகளும் வந்தன. அம்மா ஒன்றும் சொல்லாமல் அவன் கையைத் திருப்பிப் பிடித்து நுனியிலிருந்து அடிப்பக்கம் உருவிக் காட்டினாள். இலைகள் மட்டும் சரசரவென்று உதிர்ந்தன. பத்து நிமிடத்தில் விரல்கள் பச்சையாகிவிட்டன. முகர்ந்து பார்த்தான். "மழ பெஞ்ச மாதிரி வாசன" என்றான். நடுவில் ஒரு கம்பளிப்பூச்சி கிடைத்தது. அதைக் கொண்டுபோய் வேலியில் விட்டுவிட்டு வரக் கால் மணி நேரம். அம்மா தனியாகச் செய்தால் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை அன்று ஒரு மணி நேரம் இழுத்தது.

கீரைக் கட்டில் பாதியை அம்மா ஒரு பழைய வேட்டியில் சுற்றி மூலையில் வைத்தாள். மறுநாள் காலை பிரித்து உதறினால் இலைகள் தாமாகவே கொட்டின. "அம்மாச்சி மேஜிக்!" என்று கத்தினான். மேஜிக் மரத்தினுடையது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. மரத்திலிருந்து வெட்டப்பட்ட கிளையில் இந்த அடுக்கு தளர்ந்துபோக, இலை கழன்றுவிடுகிறது. மரம் இலையுதிர்ப்பதும் இந்த அடுக்கின் வழியாகத்தான். முருங்கையை வேட்டியில் சுற்றிவைக்கும் நம் பாட்டிகள் யாரும் தாவரவியல் படித்தவர்கள் இல்லை.

அன்று மதியமே அவன் கீரை சாப்பிட்டான் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். சாப்பிடவில்லை. பரிமாறும்போது "இது நான் உருவினது" என்று எல்லாரிடமும் சொன்னான், என் தட்டை எட்டிப் பார்த்தான், குத்துகிறதா என்று கேட்டான். தன் தட்டில் ஒரு துளியும் போடவிடவில்லை. ஆனால் வெறுக்கவும் இல்லை. நான்காவதோ ஐந்தாவதோ முறை, முட்டை ஊற்றிக் கிளறிய பொரியலில் ஒரு விரல் எடுத்து நக்கினான். விடுமுறை முடிவதற்குள், "முட்ட போட்டா மட்டும்" என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பர்ச்சின் கணக்கு எங்கள் வீட்டிலும் பொய்க்கவில்லை. ஒரே வித்தியாசம், எண்ணிக்கையை யாரும் கட்டாயப்படுத்தி ஏற்றவில்லை. முறத்தின்மீது தானாக ஏறியது.

சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்கும் அம்மா உண்டா? முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். முலாம்பழத்தின் காம்புப் பக்கத்தை முகர்ந்து பார்ப்பார். கையும் காதும் மூக்கும் சம்மதித்த பிறகே பை திறக்கும். இவ்வளவு விசாரணைக்குப் பின் வீட்டுக்கு வந்த பொருளை, பிள்ளை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நேராக வாயில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். புதுப் பொருளை நம்புவதற்கு உடம்பில் ஒரு வரிசை இருக்கிறது: கண், கை, மூக்கு, நாக்கு கடைசியில்தான் வரும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஹெலன் கோல்ட்ஹார்ட் என்ற உளவியலாளர் 3, 4 வயதுப் பிள்ளைகள் 62 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு நிஜமான காய்கனிகளைக் கையில் எடுத்து விளையாடியது. இன்னொரு குழு உணவல்லாத பொருள்களை வைத்து விளையாடியது. மூன்றாவது குழு காய்கனிகளைப் பெரியவர் கையாள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தட்டில் வைத்தபோது தொட்டு விளையாடிய பிள்ளைகளே அதிக வகைகளைச் சுவைத்துப் பார்த்தார்கள். "சோத்துல வெளையாடாத" என்று அடிக்கிற நாம் இந்த 2017ஆம் ஆண்டு முடிவைப் படித்துவிட்டுக் கையை ஓங்கலாம்.

சமைக்கவே விட்டால்? சுவிட்சர்லாந்தின் லோசானில் நெஸ்லே ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2014இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 6 முதல் 10 வயது வரையுள்ள 47 பிள்ளைகள். பாஸ்தா, கோழி, காலிஃபிளவர், சாலட் என்று மதிய உணவு. ஒரு பாதிப் பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து சமைத்தார்கள். மறுபாதிக்குப் பெற்றோரே சமைத்தார்கள். சமைத்த பிள்ளைகள் 76 சதவீதம் அதிகமாகச் சாலட் சாப்பிட்டார்கள். இந்த எண் பத்திரிகைகளில் நிறைய அடிபட்டது. அடிபடாத எண்கள் இரண்டு: கோழியையும் 27 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள், மொத்தக் கலோரியும் 24 சதவீதம் ஏறியது. தான் சமைத்தது என்றால் பிள்ளைக்குக் காய்கறி மட்டுமில்லை, மற்றதும் ருசிக்கிறது. எனவே எதைச் சமைக்கக் கூப்பிடுகிறோம் என்பது முக்கியம். பிள்ளையைச் சமையல்கட்டுக்குள் விடுவது என்றால் கேக் அலங்கரிப்பது என்று நினைக்கிற வீடுகளில் கேக்தான் அதிகம் செலவாகும். 47 பேர், ஒரு வேளைச் சாப்பாடு, உணவு நிறுவனத்தின் ஆய்வகம் என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் திசை எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது.

"கூப்பிட்டா வரணுமே?" என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒன்றரை வயதில் அவர்கள் கூப்பிடாமலே வந்தார்கள். துடைப்பத்தைப் பிடுங்கினார்கள், சப்பாத்தி மாவில் கை விட்டார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 18 மாதக் குழந்தைகள் 24 பேரின் முன்னால் துணி மாட்டும் கிளிப்பை வேண்டுமென்றே கீழே போட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கையிலும் சுமையோடு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் கேட்காமலே 22 குழந்தைகள் ஒரு முறையாவது உதவிக்கு வந்தார்கள். இது 2006. இரண்டு ஆண்டு கழித்து வந்த தொடர் ஆய்வில், உதவியதற்குப் பொம்மை பரிசு பெற்ற குழந்தைகள் அடுத்த சுற்றில் குறைவாகவே உதவினார்கள். கூலி இங்கேயும் கெடுத்தது.

அந்த ஒன்றரை வயது ஆளை நாம் என்ன செய்கிறோம்? "போ, போய் வெளையாடு, இங்க சூடு" என்று தூக்கி டிவியின் முன்னால் உட்காரவைக்கிறோம். பத்து வருடம் கழித்து, "ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்கிறோம். பார்பரா ரோகோஃப் என்ற ஆய்வாளர் குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே பல்லாண்டுகள் இருந்து, பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தும் கூடவே கைகொடுத்தும் கற்பதை எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்த ஆய்வு ஒன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் தாய்மாரிடம் நடந்தது. பழங்குடிப் பின்னணி கொண்ட குடும்பங்களில் பிள்ளைகள் தாமாகவே முன்வந்து வீட்டு வேலையில் பங்கெடுத்தார்கள், தம்பி தங்கைக்குச் சாப்பாடு எடுத்துவைப்பது வரை. பள்ளிப் படிப்பில் பல தலைமுறை ஊறிய நடுத்தரக் குடும்பங்களில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர். முதல் வகைத் தாய்மார் குழந்தையின் ‘இடைஞ்சலை’ இடைஞ்சலாக எண்ணி விரட்டவில்லை. நாம் விரட்டுகிறோம், வேலை சீக்கிரம் முடிகிறது.

நம்மிடம் இல்லாத வழக்கம் ஒன்றும் இல்லை இது. வாய்க்கால் கரையில் நாங்கள் ஆக்கிய கூட்டாஞ்சோறு இன்னும் கண்ணில் நிற்கிறது. (திருநெல்வேலிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் ஊர்க் கூட்டாஞ்சோறு வேறு, அது பெரியவர்களின் கைவண்ணம்.) ஒருவன் அரிசி, ஒருத்தி பருப்பு, இன்னொருவன் டவுசர் பையில் நான்கு மிளகாயும் ஒரு கல் உப்பும். மூன்று செங்கல் அடுப்பு, காய்ந்த சுள்ளி, கண்ணைக் கரிக்கும் புகை. கீழே அடிப்பிடித்திருக்கும், மேலே நறுக்கரிசியாக இருக்கும். வீட்டில் கத்தரிக்காயைக் கண்டால் எழுந்து ஓடுகிறவன் அங்கே இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றான். அரிசி கொண்டுவராதவனுக்கும் பங்கு உண்டு, சுள்ளி பொறுக்கினால் போதும்.

அதற்கும் முன்னால் மணற்சோறு. சிறுமிகள் சிறுவீடு கட்டி, சொப்பு வைத்து, மணலைச் சோறாக்கி விளையாடுவது தமிழ் இலக்கியத்தில் பழைய காட்சி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே உண்டு: பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டைப் பையன் வந்து உதைத்துக் கலைப்பான், கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். பாட்டாகப் படிக்கும்போது இனிக்கத்தான் செய்கிறது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றாடம் ஊதியமில்லா வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்கிறவர்களிலும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். சொப்புச் சாமான் யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதில் இந்தக் கணக்கு தொடங்குகிறது. பிள்ளைகளைச் சமையலில் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதுவதை மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் அடுப்படியில் நிறுத்த யாராவது சாக்காக்கிக்கொண்டால் அது அநியாயம். நான் கேட்பது முதலில் மகன்களை.

இது அறிவியல் புத்தகம் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டைப் போலப் பிள்ளைக்கு வாய்ப்பான ஆய்வகம் கிடையாது. பூரி எண்ணெயில் விழுந்ததும் ஏன் உப்புகிறது? மாவில் இருக்கும் நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. இரண்டு தோலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தள்ளுகிறது. ஓட்டை விழுந்த பூரி உப்பாது என்பதை ஒரு குச்சியால் குத்திச் சோதிக்கச் சொல்லுங்கள், ஒரு பூரி போனால் போகட்டும். மஞ்சள் பட்ட சட்டையில் சோப்பு போட்டால் கறை சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் அதேதான்: மஞ்சளின் குர்குமின் காரத்தன்மையில் நிறம் மாறும். இட்லி மாவைக் கரைத்ததும் பாத்திரத்தின் வெளியே மாவு மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். காலையில் மட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பிள்ளை எழுப்பாமலே எழுந்திருக்கும். லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா இரவெல்லாம் வாயு விட்டிருக்கிறது. அதை யாரும் கடையில் வாங்கிப் போடவில்லை, உளுந்தோடும் அரிசியோடும் வந்தது. எங்கள் வீட்டில் இந்தப் பரிசோதனைக்குப் பிறகு, இட்லியைச் சாப்பிடுவதற்கு முன் பிட்டு உள்ளே இருக்கும் துளைகளை எண்ணுவது ஒரு மாதம் நடந்தது. சாம்பார் ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. முருங்கைக்கீரையில் கிடைத்த தைரியத்தில் அக்கா மகனுக்குப் பச்சைமிளகாயைக் காம்பு கிள்ளக் கொடுத்தேன். கிள்ளியவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். வீடே அலறியது; அம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கண்ணை நல்ல தண்ணீரில் விடாமல் கழுவியதில் எரிச்சல் அடங்கியது. கை விரல்களோ தண்ணீருக்கு மசியவில்லை. மிளகாயின் காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். விரலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டதும் விட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி: மூன்று வயதில் பட்டாணி உரிக்கலாம், கொத்தமல்லி கிள்ளலாம். ஐந்தில் பூண்டும் வெங்காயமும். எட்டு வயதுக்கு மேல், பக்கத்தில் ஆள் இருந்தால், சின்னக் கத்தியும் வாழைக்காயும். அடுப்பு பத்தைத் தாண்டி. மிளகாயும் அரிவாள்மணையும் யார் கெஞ்சினாலும் கிடையாது.

சமைத்தாயிற்று, இனிப் பரிமாறல். இங்கேதான் நம் வீடுகள் கோட்டை விடுகின்றன. பிள்ளைக்கு முதலில் ஊட்டிவிடுவோம். அப்பா டிவியின் முன்னால். பாட்டிக்குக் கட்டிலில். எல்லாருக்கும் போட்டுவிட்டு அம்மா கடைசியில், நின்றுகொண்டே, மிஞ்சியதை. அம்மா கீரை சாப்பிடுவதைப் பிள்ளை பார்த்ததே கிடையாது. எல்சா அடெஸ்ஸியும் பர்ச்சும் வேறிருவரும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு நிறமூட்டிய ரவையை வைத்துப் பார்த்தார்கள். ஆம், நம் உப்புமா ரவையேதான். எதிரே ஒரு பெரியவர். அவர் சும்மா உட்கார்ந்திருந்தபோதும், வேறு நிற ரவையைச் சாப்பிட்டபோதும் பிள்ளைகள் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. அதே நிற ரவையைச் சாப்பிட்டபோது அவர்களும் எடுத்துச் சாப்பிட்டார்கள். ‘பெரியவர் சாப்பிடுகிறார்’ என்பது போதவில்லை, ‘இதையே சாப்பிடுகிறார்’ என்பது வேண்டியிருந்தது. பிள்ளைக்குத் தனியாக நூடுல்ஸ், நமக்குக் கீரை என்று வைக்கும் வீடுகளில் இந்த வாய்ப்பு எழவே எழாது.

ஒரே பாத்திரத்தில் கை நனைப்பதற்கும் ஒரு விளைவு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அயலெட் ஃபிஷ்பாக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் வூலியும் 2019இல் வெளியிட்ட சோதனையில், அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து சிப்ஸும் சல்சாவும் கொடுத்துப் பிறகு கூலி பேரம் பேசவிட்டார்கள். ஒரே கிண்ணத்திலிருந்து தின்றவர்கள் சராசரியாக 9 சுற்றில் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தனித்தனிக் கிண்ணக்காரர்களுக்கு 13 சுற்று தேவைப்பட்டது. மொட்டைமாடியில் நிலாச்சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஒரு குண்டான் புளிச்சோறு, சுற்றி ஏழெட்டுக் கை, அத்தை உருட்டி உருட்டி வைப்பாள். அடுத்தவன் கையில் விழுந்த உருண்டை பெரிது என்று சண்டை போட்டோமே தவிர, வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள் என்பதற்கும் எண்கள் உண்டு. 17 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,82,000 பிள்ளைகளின் தகவலோடு, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது 2011இல் வந்த ஒரு கட்டுரை. வாரத்துக்கு மூன்று வேளையாவது சேர்ந்து சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் நல்ல உணவு உண்பதற்கான வாய்ப்பு 24 சதவீதம் கூடுதல் என்றது. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேர்ந்து சாப்பிட நேரம் இருக்கிற வீடு என்றால் வேலை நேரமும் வருமானமும் சற்றுச் சீரான வீடு என்றும் பொருள். இரவுப் பணிக்குப் போகும் தாயிடம் போய் இந்த எண்ணைக் காட்டுவது அறிவியலாகாது.

ஜப்பானில் இந்தச் சிக்கலுக்குப் பள்ளிக்கூடம் கைகொடுக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவைப் பிள்ளைகளே முறைவைத்து, வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து, பாத்திரம் சுமந்து வந்து சக மாணவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதையே அங்கேயே உண்கிறார். 2005இல் உணவுக் கல்விக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2001இல், ககாவா மாநிலத்தின் தக்கினோமியா தொடக்கப் பள்ளியில் தக்கேஷிதா கசுவோ என்ற தலைமையாசிரியர் ‘பென்தோ நாள்’ தொடங்கினார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒரு நாள் தம் மதிய உணவைத் தாமே சமைத்துக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பெற்றோருக்கு விதி ஒன்றே ஒன்று: உதவக் கூடாது. கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது பள்ளியின் பொறுப்பு. நம் ஊரில் பெற்றோருக்கு இந்த விதியைப் போட்டால் பாதிப் பேர் முதல் நாளே மீறுவார்கள் என்று தோன்றுகிறது. நானும் மீறுவேன்.

அக்கா மகனுக்கு இப்போது பதினான்கு வயது. கீரை சாப்பிடுகிறான், முட்டை நிபந்தனை எப்போது காலாவதியானது என்று யாருக்கும் நினைவில்லை. பாகற்காய் இன்னும் ஆகாது. சென்ற பொங்கலுக்கு வந்தபோது பந்தியில் அவன்தான் பரிமாறினான். கடைசியில் ஓர் இலையைப் போட்டு, "அம்மாச்சி, நீங்க உக்காருங்க" என்றான். "எனக்கென்னடா அவசரம்" என்றாள் அம்மா. அவன் கரண்டியோடு அங்கேயே நின்றான். அம்மா உட்கார்ந்தாள்.

பள்ளி நாள் காலையில் இதையெல்லாம் செய்துபார்க்க வேண்டாம், கொலைவெறி வரும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி நல்ல நேரம். கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தோல் எளிதாகக் கழன்று வரும், கண்ணும் அவ்வளவாக எரியாது. முறத்தைத் தரையில் வையுங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிடுங்கள்.